ஊமை ஜெனரேட்டர்

பிஷ்கெக், ஜூன் 3

தம்பி தொலோகனுக்கு,

மந்தையும் மக்களும் நலமா என்று கேட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். கேட்டாயிற்று. இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

மாவு மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரன் ஜோமார்த்திடம் நீ என்ன சொல்லி அனுப்பினாய்? "எங்கக்கா அப்பாவ ஒம்பதாவது மாடியில கட்டிப் போட்டிருக்கா" என்றாயாம். அவன் என் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான். பக்கத்து வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து வைத்துக் கேட்டாள். ஒரு கடிதம் எழுத உனக்குக் கை வராது. லாரிக்காரன் வாயால் திட்டி அனுப்ப மட்டும் நன்றாக வரும்.

கட்டிப் போட்டிருப்பது உண்மைதான். கயிறு எதுவென்று தெரியுமா? மூக்குக்குள் போகிற ரப்பர் குழாய். குளிர்காலம் முழுக்க நான் தையல் கூடத்திலிருந்து வந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் குழாய் அவர் முகத்தில் இருக்கிறதா என்றுதான். அது இல்லாமல் அவர் உதடு நீலமாகிற நேரத்தை நீ பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

ஆனால் அவர் சாப்பிடுவதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காதைக் கொடுத்து நிற்கிறார். கீழே டிராலி பஸ் போகிறது, நாய் குரைக்கிறது, யாரோ பாட்டுப் போடுகிறார்கள். நேற்று என்னைக் கூப்பிட்டு, "கலிச்சா, இந்த ஊர்ல ராத்திரி எது மூச்சு விடுதுன்னே தெரியலயேம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காகவும் உன் மேல் கோபம்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இங்க இருந்தா இன்னும் கொஞ்ச காலம். மலைக்குப் போனா என்னால சொல்ல முடியாது. போயே ஆகணும்னா ராத்திரி பூரா ஆக்சிஜன் மிஷின் ஓடணும். தூக்கத்துலதான் அவருக்கு மூச்சு இறங்குது."

ஆக, விஷயம் இவ்வளவுதான். உன் மேய்ச்சல் நிலத்தில் ராத்திரி முழுக்க மிஷின் நிற்காமல் ஓடினால் அப்பா வரலாம். இல்லையென்றால் வர முடியாது. கூடாரத்தின் மேல் சாய்த்திருக்கிறாயே சூரியத் தகடு, அது ஒரு பல்புக்கும் போனுக்கும்தான் போதும். உன் சிவப்பனை ஓட்டுவாயா? ஆட்டுமயிர் கத்தரிக்கும் அந்த ஜெனரேட்டரை ஓட்டினால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிணம்கூட எழுந்து உட்காரும்.

பதிலை ஜோமார்த்திடம் எழுதிக் கொடுத்து அனுப்பு. அவன் வாயில் அனுப்பாதே.

கலிச்சா


சூசமிர், ஜூன் 9

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மந்தை நலம். மக்கள் நலம். உங்களிடம் திட்டு வாங்கியவனும் நலம்.

லாரிக்காரனிடம் சொன்னது தப்புதான். அவனுக்கு இவ்வளவு ஞாபகசக்தி இருக்கும் என்று நினைக்கவில்லை. போன வாரம் அவனிடம் சொல்லி அனுப்பிய உப்பை மட்டும் மறந்துவிட்டான்.

உங்கள் கடிதம் வந்த அன்றே சிவப்பனை ஓட்டிப் பார்த்தேன். அப்பா படுக்கப் போகும் கூடாரத்துக்குப் பின்னால் வைத்து இரவு முழுக்க ஓட்டினேன். சைகல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கீழ்க் கூடாரத்துக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "நீயும் உன் சிவப்பனும் குடும்பம் நடத்துங்க" என்றாள். அது போகட்டும். பகலில் குதிரைக்குட்டிகளைக் கயிற்று வரிசையில் கட்டி, தாய்களை வரவழைத்துப் பால் கறக்கிறோம், இரவில் அவிழ்த்து விடுகிறோம் அல்லவா? அன்று அவிழ்த்த குட்டிகளோடு மந்தை மொத்தமும் ஓடை தாண்டிப் போய்விட்டது. திரட்டிக்கொண்டு வரும்போது மதியம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு தாய்கூடப் பால் விடவில்லை. மடியை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். பட்டினி குட்டிகளுக்கு, புளிக்க வைக்கப் பால் கிடைக்காமல் கிமிஸ் போனது எனக்கு.

நான் ஒப்புக்கொள்கிறேன், சிவப்பன் ஆகாது. அப்பா இங்கே வருவது குதிரைகளுக்குப் பக்கத்தில் படுக்கத்தான். அவர் வந்து, குதிரைகள் ஓடிப்போனால் என்ன பயன்?

சத்தம் குறைவான ஜெனரேட்டர்கள் இருக்கின்றனவாம். சுற்றுலாக்காரர்கள் கூடாரம் போட வரும்போது பெட்டி மாதிரி ஒன்றைக் கைப்பிடியோடு தூக்கி வருகிறார்கள், பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள். நீங்கள் சந்தையில் பாருங்கள். மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். இங்கே காற்று மெலிவு, அதனால் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், சொல்லுகிற அளவு கரண்ட் கொடுக்காது. சாயங்காலம் ஊற்றிய பெட்ரோல் விடியும்வரை வர வேண்டும். சைகல் ஒற்றைக் கையில் தூக்க வேண்டும், ஏனென்றால் நான் மந்தையோடு போகும் நாட்களில் அவள்தான் பார்த்துக்கொள்வாள்.

கட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னதற்கு வருந்துகிறேன். அப்பாவை அனுப்புங்கள்.

தொலோகன்


பிஷ்கெக், ஜூன் 18

தம்பிக்கு,

மந்தையும் மக்களும் நலமா? பால் விட்டார்களா?

வாங்கிவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

முதல் ஞாயிறு தனியாகப் போனேன். எல்லாக் கடைக்காரனும் ஒரே பாட்டு. "சத்தமாக்கா? பூனை மாதிரி இருக்கும்" என்பான், கயிற்றை இழுப்பான், எதிர்க் கடையில் தொங்கும் கிண்ணமெல்லாம் ஆடும். ஒருவன் அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் காட்டி, "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்" என்றான். அட்டைப் பெட்டியையா இரவெல்லாம் ஓட்டப் போகிறோம் என்று கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டாம் ஞாயிறு அப்பாவும் வருவேன் என்று அடம்பிடித்தார். சின்ன சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டிப் போனேன். கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரன் ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும், நான் பேசிக்கொண்டே விலகி நடக்க வேண்டும், எந்த இடத்தில் என் பேச்சு எஞ்சினுக்குள் அமுங்குகிறது என்று அவர் சொல்வார். முதலாவதற்கு, "தகர டப்பாவுல கல்லு" என்றார். அடுத்ததற்கு, "இவனுக்கு இருமல் இருக்கு, என்னை மாதிரி" என்றார். கடைக்காரன் முதலில் சிரித்தான், பிறகு அவனே பக்கத்துக் கடைகளின் பாட்டையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து நின்றான்.

நான் வேறு விஷயங்களைப் பார்த்தேன். ஆக்சிஜன் மிஷினுக்குத் துடிப்பில்லாத கரண்ட் வேண்டும், சிவப்பன் மாதிரி ஏறி இறங்கினால் உள்ளே கருகிவிடும். அதனால் இன்வெர்ட்டர் வைத்தது மட்டும்தான். மலைக்காற்றுக்காக, தேவைக்கு ஒரு அளவு பெரிதாக எடுத்தேன். வேலை குறைந்தால் எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஒரு குமிழ் இருக்கிறது, அதைப் போட்டால் விடியும்வரை பெட்ரோல் வரும். ஒற்றைக் கையால் தூக்கி நடந்து பார்த்தேன், தோள் கொஞ்சம் இறங்கியது. சைகல் என்னைவிடத் திடம்.

கடைசியில் அப்பா தேர்ந்ததும் நான் தேர்ந்ததும் ஒன்றுதான். அடுத்த அறையில் யாரோ ரகசியம் பேசுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். "இவன் ஊமையன். இவனோட இருக்கலாம்" என்றார் அப்பா. குளிர்காலத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரு முழு ரொட்டி சாப்பிட்டார்.

வீட்டு பால்கனியில் வைத்து எனக்கு நானே பழகினேன். பெட்ரோல் வாய், காற்று அடைப்பு, கயிறு, சுவிட்ச். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கும் சொல்லிக்குடு" என்றார். ஆரம்பத்திலிருந்து காட்டினேன். கையை ஆட்டிவிட்டார்.

"ஏத்துறத தொலோகன் பாத்துக்குவான். அணைக்க மட்டும் சொல்லிக்குடு."

"அது எதுக்குப்பா?"

"விடிஞ்சப்புறமும் ஓடிட்டிருந்தா பெட்ரோல் வீணில்ல?"

காட்டிக் கொடுத்தேன். சிக்கனத்தைப் பார் இவருக்கு என்று சிரித்தேன். நாலைந்து தடவை தானே அணைத்துப் பார்த்துக்கொண்டார், குழந்தை மாதிரி.

இன்னொன்று. ஆக்சிஜன் மிஷின் வேறொருவரிடமிருந்து வந்தது. கரண்ட் போனால் கத்துகிற மணி ஒன்று அதில் இருந்திருக்கிறது, எப்போதோ செத்துவிட்டது. ஆகவே ஊமையன் நின்றால் உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை இரண்டு தடவை படி.

வெள்ளிக்கிழமை ஜோமார்த்தோடு அனுப்புகிறேன். கணவாயில் ஜன்னலை ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


சூசமிர், ஜூலை 1

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மந்தை நலம். மக்கள் நலம். அப்பா வந்து சேர்ந்தார்.

கணவாயில் மூச்சு வாங்கியது, சிலிண்டரைத் திறந்து கடந்தார்களாம். இங்கே இறங்கியதும் யாரையும் பார்க்கவில்லை. கயிற்று வரிசைக்குப் போய், கட்டியிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "எளச்சிட்டியே" என்றார். என் வயிற்றைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஊமையனை ஓடைப் பக்கப் பாறைக்கு அப்பால் வைத்திருக்கிறேன், கூப்பிடு தூரம். புகை கூடாரத்துக்கு வராது. மழைக்கு மேலே தகரம் போட்டு, மூன்று பக்கமும் கல் அடுக்கி, கம்பத்தில் ஒயர் இழுத்தாயிற்று. ஆக்சிஜன் மிஷினையும் கூடாரத்தின் கம்பளிச் சுவருக்கு வெளியே தள்ளி வைத்து, குழாயை மட்டும் உள்ளே விட்டேன், அதன் உறுமல் உள்ளே கேட்பதில்லை. நான் அப்பாவோடுதான், வாசலுக்குக் குறுக்கே படுக்கிறேன். சைகலும் குழந்தைகளும் பக்கத்துக் கூடாரத்தில்.

குதிரைகள் முதல் நாள் காதை நிமிர்த்தின. மூன்றாம் நாள் ஊமையன் இருக்கும் பாறையிலேயே முதுகு சொறிந்தன. இரவில் அப்பா படுத்துக்கொண்டே பேர் சொல்கிறார். "சாம்பல்காரி தண்ணிக்குப் போறா. அந்த மூணு வயசுக்காரி இன்னும் மேயுறா, பசி தீரல. உன் சவாரிக் குதிரைக்கு பின்னங்கால்ல லாடம் ஆடுது." காலையில் போய்ப் பார்த்தேன், ஆடிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாம் நன்மை. ஒரே ஒரு கஷ்டம், நீங்கள் சிரிக்கக் கூடாது. ஊமையன் ஓடுகிறானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் தூங்குவது சத்தத்தில். சாம்பல்காரி கழுத்து மணி அசைந்துகொண்டே இருக்கும்வரை தூங்குவோம், மணி நின்றால் விழிப்போம். ஓநாய் வந்தாலும் மந்தை நகர்ந்தாலும் அப்படித்தான் தெரியும். சிவப்பன் என்றால் நின்ற நொடியில் எழுந்துவிடுவேன். இவன் ஓடும்போதும் ஒன்றும் கேட்கவில்லை, ஓடைச் சத்தத்தில் கரைந்துவிடுகிறான். முதல் வாரம் நான் தூங்கவேயில்லை. எழுந்து எழுந்து பாறைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கறவை நேரத்தில் வாளியில் தலை முட்டியது.

அதனால் பால் வாளியின் தகர மூடியை ஊமையன் தலையில் கவிழ்த்து வைத்தேன். எஞ்சின் அதிர்ச்சியில் மூடி டிர்ர்ர் என்று அடிக்கிறது. இப்போது அதைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறேன். குதிரைகள் சட்டை செய்யவில்லை. அப்பாதான் முணுமுணுக்கிறார். "ஊர் பூரா தேடி ஊமைய புடிச்சிட்டு வந்தோம், இவன் அவனுக்கு தாளம் கட்டிவிட்டுட்டான்" என்கிறார்.

தொலோகன்


பிஷ்கெக், ஜூலை 10

தம்பிக்கு,

மந்தையும் மக்களும் நலமா?

சிரிக்காதே என்றாய், தையல் கூடத்தில் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். சந்தை முழுக்க அலைந்து, காதைத் தீட்டி வாங்கினேன், நீ அதன் தலையில் மூடியைப் போட்டு மேளம் ஆக்கிவிட்டாய். என்னை விடு, அந்தக் கடைக்காரன் கேட்டால் அழுதுவிடுவான்.

ஆனால் நீ செய்தது சரி. அப்பா என்ன முணுமுணுத்தாலும் மூடியை எடுக்காதே. கெஞ்சுவார். அவர் கெஞ்சினால் உனக்குத் தாங்காது, எனக்குத் தெரியும், நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எடுக்காதே.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. இரவில் அந்த மிஷினின் உறுமல் இல்லாமல் எனக்கும் தூக்கம் வரவில்லை. நானும் உங்களை மாதிரி ஆகிவிட்டேன் போலிருக்கிறது. ஜன்னலைத் திறந்து அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். டிராலி பஸ்தான் கேட்டது.

அவருக்குப் புது உள்சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன், ஆகஸ்ட்டில் இரவு குளிரும். ஆட்டுத்தோல் கோட்டு இல்லாமல் வெளியே விடாதே.

அக்கா


சூசமிர், ஜூலை 27

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மந்தை நலம். மக்கள் நலம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

பகலிலும் குழாய் வேண்டியிருக்கிறது. கூடார வாசலுக்கு வந்து உட்காரக்கூட என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். கீழே டாக்டரிடம் போகலாம் என்றேன். "வந்த இடத்துல இருக்கேன், எங்க போகச் சொல்ற" என்றார். நான் வற்புறுத்தினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆனால் இரவில் முகம் தெளிவாக இருக்கிறது. காது மட்டும் எப்போதும் போல. மூடிதான் அவருக்கு இப்போது பெரிய வழக்கு. தினமும் ஒரு தடவை கேட்கிறார். "தொலோகன், அந்த டிர்ர்ருக்குப் பின்னால என்னமோ ஒண்ணு இருக்குடா. அது எனக்கு எட்ட மாட்டேங்குது." நான் இதுவரை எடுக்கவில்லை.

உங்களால் வர முடியுமா? தையல் கூடத்தில் கேட்டுப் பாருங்கள். ஜோமார்த் வாரம் ஒரு முறை மேலே வருகிறான். சீக்கிரம் வாருங்கள் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தொலோகன்


பிஷ்கெக், ஆகஸ்ட் 19

தொலோகன்,

நலம் கேட்கப் போவதில்லை.

அத்தை போன் செய்தாள். அடக்கத்தன்று ஒப்பாரியில் உன் பேரைச் சொல்லி அழுதது தப்பாம், கூடப் பிறந்தவனை ஊர் முன்னால் அப்படிச் செய்யலாமா என்றாள். செய்யலாம் என்றேன். நம் வழக்கத்தில் அப்பன் எப்படி வாழ்ந்தான், எப்படிச் செத்தான் என்று மகள் பாடித்தானே அழ வேண்டும்? நான் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நீ சொன்னதைத்தான் பாடினேன். மூடியை எடுத்தான், தொட்டி காய்ந்தது, மகன் தூங்கினான், அப்பன் மூச்சு தீர்ந்தது. வெளியே தடியூன்றி நின்று நீ அழுதுகொண்டிருந்தாய். நான் அதைப் பாடியதும் உன் குரல் நின்றது. எனக்குக் கேட்டது. பாடியதைத் திரும்ப எடுக்க மாட்டேன்.

எடுக்காதே என்று எழுதினேனே. கெஞ்சுவார் என்றும் எழுதினேனே. பெட்ரோல் கேனை ஒரு தடவை தூக்கிப் பார்க்க முடியாதா உன்னால்? பதினெட்டாம் தேதி லீவு கிடைத்திருந்தது எனக்கு. அவருக்கு ஒரு ஜோடி காலுறை தைத்து வைத்திருந்தேன்.

அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பு. என் காதால் தேடி வாங்கியது உன்னிடம் இருக்க வேண்டாம். விற்றுவிடுவேன். நாற்பதாம் நாளுக்கு நான் வரப் போவதில்லை. அன்று இங்கேயே எண்ணெய்க் கொப்பரை வைத்து மாவு பொரித்து, அவர் பேரில் வாசம் காட்டுகிறேன்.

கலிச்சா


சூசமிர், ஆகஸ்ட் 28

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதிவிடுகிறேன். மந்தை நலம். மக்கள் நலம்.

ஊமையனை ஜோமார்த்திடம் ஏற்றியிருக்கிறேன். அன்று காலையிலிருந்து நான் அதைத் தொடவில்லை. சைகல்தான் இருந்தபடியே கம்பளியில் சுற்றிக் கட்டினாள்.

ஊரில் எனக்குப் பேர் வைத்தாயிற்று. கீழ்க் கூடாரத்துக்காரர் குட்டி வாங்க வந்தார். பேச்சோடு பேச்சாக, "தூக்கமெல்லாம் எப்படி, நல்லா வருதா?" என்றார். குட்டியை வாங்காமல் போய்விட்டார். பெரியவனைப் பிள்ளைகள் தூங்குமூஞ்சி மகன் என்கிறார்களாம், முகத்தில் கீறலோடு வந்தான். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை.

நாற்பது செப்டம்பர் 17, கீழே ஊர் வீட்டில். மகள் இல்லாமல் துக்கக் கூடாரம் அடிப்பது நன்றாக இருக்காது. வாருங்கள்.

தொலோகன்


பிஷ்கெக், செப்டம்பர் 4

தொலோகன்,

இதற்கு மட்டும் பதில் சொல்.

ஜோமார்த் பெட்டியை இறக்கும்போதே, "வண்டி பூரா பெட்ரோல் நாத்தம்க்கா, கணவாய் வளைவுல சிந்திருச்சு" என்றான். எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்படியே சந்தைக்கு எடுத்துப் போனேன். அதே கடை, அதே ஆள். அப்பாவைக் கேட்டான், சொன்னேன். பிறகு பெட்டியை ஆட்டிப் பார்த்தான், உள்ளே தளும்பியது. தொட்டி மூடியைத் திறந்து காட்டினான். சிந்தியது போகப் பாதித் தொட்டி இருந்தது. சுவிட்சைப் போட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். ஓடியது.

"பெட்ரோல் தீர்ந்து நின்னிருந்தா சுவிட்ச் போட்டபடிதானே இருக்கும்? இத யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க" என்றான்.

நான் விற்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தொலோகன், அன்று காலையிலிருந்து தொடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அடித்தாலும் உனக்குப் பொய் சொல்ல வராது. ஒரு பொய் சொல்லியிருக்கிறாய், அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என்ன நடந்தது?

அக்கா


சூசமிர், செப்டம்பர் 9

அக்கா,

உங்களுக்குச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சைகலுக்கும் தெரியாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அன்று மாலை மூடியை நான்தான் எடுத்தேன். "ஒரு ராத்திரி மட்டும்டா" என்று கேட்டார். நீங்கள் சொன்னபடிதான், என்னால் தாங்கவில்லை. தொட்டியை வாய் வரை நிரப்பினேன். வாசலுக்குக் குறுக்கே படுத்தேன். எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். தூங்கிவிட்டேன். நீங்கள் பாடியதில் அது மட்டும் பொய்யில்லை.

விடிகிற நேரம் கதகதப்பாக இருந்து விழித்தேன். என் மேல் அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டு போர்த்தியிருந்தது. படுக்கையில் அவர் இல்லை. குழாயைச் சுற்றி மடித்துத் தலையணை மேல் வைத்திருந்தார். என்னைத் தாண்டித்தான் போயிருக்கிறார் அக்கா. வாசலுக்கு வர என் தோளைப் பிடித்துக்கொண்டவர், தனியாக அந்தப் பாறைவரை போய், ஊமையனை அணைத்துவிட்டு, அங்கிருந்து கயிற்று வரிசைக்கு வந்திருக்கிறார். குட்டி கட்டும் முளையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிக் குதிரைகள் நின்றன, சாம்பல்காரி அவர் தோளுக்குப் பக்கத்தில். அவர் காதை மூடும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முகம் நன்றாக இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

யாரும் எழுவதற்குள் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். குழாயை மறுபடி மாட்டினேன். நனைந்திருந்த பூட்ஸைக் கழற்றி அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கப்புறம்தான் சைகலைக் கூப்பிட்டேன்.

அவர் சாகப் போனாரா, கேட்கப் போனாரா, எனக்குத் தெரியாது. ஊருக்கு அந்த வித்தியாசம் புரியாது. தன் மூச்சைத் தானே நிறுத்தினவர் என்று ஒரு வார்த்தை கிளம்பினால், தொழுகைக்கு முல்லா தயங்குவார், வரிசையில் எத்தனை பேர் நிற்பார்கள்? பெட்ரோல் தீர்ந்தது, நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அது எல்லோருக்கும் புரிகிற தப்பு. நீங்கள் அதைப் பாடுவீர்கள் என்று நினைக்கவில்லை. பாடியபோது சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் வாய் வரை வந்தது. என்னைத் திட்டினால் வலிப்பது எனக்கு. அவரைத் திட்டினால் உங்களுக்கு வலிக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அவர் இங்கே ஒரு நாள்கூட ஊமையனைத் தொட்டதில்லை. இருட்டில் அந்தச் சுவிட்சு எங்கே இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

தொலோகன்


பிஷ்கெக், செப்டம்பர் 12

தம்பி தொலோகனுக்கு,

மந்தையும் மக்களும் நலமா? பெரியவன் முகத்துக் கீறல் ஆறியதா?

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது. என் ஜூன் மாதக் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். அணைக்க மட்டும் சொல்லிக்கொடு என்றார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பால்கனியில், பட்டப் பகலில், அவர் விரலைப் பிடித்து அந்தச் சுவிட்சின் மேல் வைத்தேன். நாலைந்து தடவை பழகிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பழகினார். கிழவருக்கு விளையாட்டு என்று நான் சிரித்தேன்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். என்னுடையதை நீ கிழி.

நாற்பதுக்கு வருகிறேன். பதினாறாம் தேதி ஜோமார்த் வண்டியில். சைகலிடம் மாவு பிசைய எனக்காகக் காத்திருக்கச் சொல்லு, பொரிப்பது என் கையால் இருக்கட்டும். நான் செய்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்டாலும் நீ, "விடுங்கக்கா" என்பாய், அதைத் தாங்க இன்னும் முடியாது.

ஒப்பாரியில் பாடியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஊர் ஒரு தடவை கேட்டது கேட்டதுதான். ஆனால் அதன் மேல் இன்னொன்று பாடலாம். பாடப் போகிறேன். சந்தையெல்லாம் தேடி சத்தமில்லாததை வாங்கியவள் நான், அது நின்றது மலைக்குக் கேட்கவில்லை, ஓடைக்குக் கேட்கவில்லை, மணி நின்றால் விழிக்கிற என் தம்பிக்கும் கேட்கவில்லை என்று பாடுவேன். அத்தனை பேர் முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உன் பேரைச் சொல்லி, சத்தமாகப் பாடுவேன். கீழ்க் கூடாரத்துக்காரரைப் பக்கத்தில் நிற்க வை. இது பொய்யில்லை, உனக்கும் தெரியும். அப்பா பேருக்கும் ஒன்றும் வராது.

சுவிட்சைப் பற்றிப் பாட மாட்டேன். அது உனக்கும் எனக்கும்.

ஊரில் இப்போதெல்லாம் மாலையானால் கரண்ட் போகிறதாமே, ஜோமார்த் சொன்னான். விளக்குக்கு ஊமையனைக் கொண்டு வரவா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றேன். நீ சிவப்பனை இறக்கி வீட்டு வாசலில் வைத்து ஓட்டு. அவன் நின்றால் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா